வரப்புல போற பானை

குளிர்ச்சிப் பெட்டின்னு சொன்னா டவுன்ல இருக்கிற உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கார் டிக்கியில வச்சு பீச்சுக்குக் கொண்டு போற பெட்டி. உள்ள ஐஸ், மேல மூடி, அடியில ரெண்டு சின்னச் சக்கரம், இழுக்க ஒரு கைப்பிடி. தார் ரோட்டுலயும் டைல்ஸ் தரையிலயும் நல்லாத்தான் ஓடும். எங்க ஊர் வயலுக்குள்ள அது வந்தா, சக்கரத்தையும் சேர்த்து நாமதான் தலையில தூக்கணும்.

இந்த விஷயத்துல நான் மண்டையை உடைச்சுக்கிட்டது பிக்னிக்குக்காக இல்லை, நடவுக்காக. எனக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல ஒண்ணே முக்கால் ஏக்கர் நஞ்சை. ஜூன் மாசம் பாபநாசத்துல தண்ணி திறந்தா கார் சாகுபடி. நடவு அன்னைக்கு 12 பொம்பளைங்க காலையில இறங்கினா மதியம் வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமிராது. வெயில்ல உடம்பு வருத்தி வேலை செய்யுறவங்க கால் மணி நேரம், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும்னு மருத்துவர்கள் சொல்லுறாங்க. மணிக்கு முக்கால் லிட்டர்னு வையுங்க. 12 பேர், 5 மணி நேரம். கணக்குப் போட்டா 45 லிட்டர். அதாவது மூணு பெரிய குடத்துக்குக் குறையாது. எங்க பக்கத்துல வழக்கமா வயலுக்குப் போறது ஒரே ஒரு குடம். அதுவும் பிளாஸ்டிக் குடம். பத்து மணிக்கு மேல அந்தத் தண்ணியில வாய் கொப்பளிக்கலாம், குடிக்க முடியாது.

அந்தக் குடம் வயலுக்கு எப்படிப் போச்சு? பொம்பளைங்க தலையிலதான் போச்சு. வரப்பு, சேறு, வாய்க்கால், பனந்தடிப் பாலம், கல்லு, மேடு எல்லாத்தையும் தாண்டிப் போற வண்டி எங்க ஊர்ல பல தலைமுறையா ஒண்ணுதான்: சும்மாடு கட்டின தலை. அதுக்கு பெட்ரோல் வேண்டாம், ரோடு வேண்டாம். ஆனா அதுக்கும் தேய்மானம் உண்டு. என் வீட்டுக்காரிக்கு 48 வயசுல கழுத்தெலும்பு தேய்ஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. இனி தலையில பாரம் ஏத்தக் கூடாதாம். தண்ணி கொண்டு போக ஒரு வழி பண்ணியாகணும்னு வந்தது அப்படித்தான்.

முதல்ல ஐஸ் வேணுமா வேண்டாமான்னு யோசிச்சேன். ஐஸ் கட்டாயம் வேணுங்கிற பெட்டி எங்களுக்குத் தெரியாதது இல்லை. கிராம செவிலியர் தோள்ல போட்டுட்டு வர்ற தடுப்பூசிப் பெட்டியில சுத்தி நாலு ஐஸ் பொட்டலம் இருக்கும். மருந்து 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ளயே இருக்கணும். காரையாறு அணைக்கு மேல இஞ்சிக்குழி மாதிரி காணிக் குடியிருப்புகளுக்கு மருந்து போகணும்னா இப்படி ஒரு பெட்டிதான் வேணும். ஆனா வெயில்ல நிக்கிற மனுசனுக்கு 8 டிகிரி தண்ணி எதுக்கு? பல்லு கூசும், தொண்டை கட்டும். மண்பானைத் தண்ணி குளிர்ச்சி இருந்தா போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுத்தியிருக்கிற சூட்டுல 80 கிலோகலோரியை எடுத்துக்கும். ஒரு கிலோ தண்ணி ஆவியாப் போகும்போது ஏறக்குறைய 580 எடுத்துக்கும். ஏழு மடங்குக்கு மேல. அதனால அஞ்சு கிலோ ஐஸைச் சுமக்கிறதுக்குப் பதிலா, பானை மேல இருக்கிற ஈரம் முக்கால் லிட்டர் காத்துல காய்ஞ்சா போதும். அதுக்குத் தனியா காசும் கிடையாது, கரண்டும் கிடையாது.

இந்த வித்தையை உலகத்துல பல பேர் பிடிச்சு மேல கொண்டு போயிருக்காங்க. குஜராத்துல வாங்கானேர் ஊரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி, மண்ணுலயே ஃபிரிட்ஜ் செஞ்சு மிட்டிகூல்னு பேர் வச்சார். நைஜீரியாவுல முகமது பா அப்பாங்கிறவர் 1990கள்ல பானைக்குள்ள பானை வச்சு, நடுவுல ஈர மணலைப் போட்டு, காய்கறி வாடாம வச்சுக் காட்டினார். டெல்லி பூசா நிறுவனத்துக்காரங்க இதையே செங்கல்லுல ரெட்டைச் சுவரா கட்டினாங்க. எல்லாமே நல்ல வேலை. ஆனா மூணும் வச்ச இடத்துல இருக்கிற சாமான். எனக்கு வேண்டியது நடக்கிற பானை.

நடக்கிற பானைக்கு ஒரு லாபமும் உண்டு. வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும், முன்னால லாரிக்கு முன்பக்கம் கித்தான் துணியில தைச்ச தண்ணிப் பையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. வண்டி ஓட ஓடக் காத்து அடிச்சு பை குளிர்ந்துக்கிட்டே போகும். நிக்கிற பானையைவிட அசையுற பானைக்குக் காத்து கூட.

சரி, சக்கரத்துக்கு வருவோம். எங்க வரப்பு நல்ல அகலமா இருந்தா ஒன்றரை அடி. குறுக்கு வரப்பு ஒரு அடிகூட இருக்காது. ரெண்டு சக்கரம் வச்ச எந்த வண்டியும் அதுல போகாது, ஒரு சக்கரம் நாத்துக்குள்ள இறங்கிரும். அப்போ ஒத்தைச் சக்கரம்தான். சித்தாள் தள்ளுற தள்ளுவண்டிக்கும் ஒத்தைச் சக்கரம்தானேன்னு கேப்பீங்க. அதுல சக்கரம் முன்னால இருக்கு, பாரம் சக்கரத்துக்கும் கைக்கும் நடுவுல இருக்கு. பாதிப் பாரம் கையிலதான் தொங்கும். சீனாவுல ரொம்பக் காலமா வேற மாதிரி வண்டி வச்சிருக்காங்க. பெரிய சக்கரம் ஒண்ணு நடுவுல, பாரம் அதுக்கு ரெண்டு பக்கமும். எடை முழுக்கச் சக்கரத்து மேலயே உக்காந்துரும். கையில சாயாம பிடிச்சுக்கிற வேலை மட்டும்தான். வரப்பு மாதிரி ஒடுங்கின பாதைக்குன்னே பொறந்த வண்டி அது.

சக்கரம் பெருசா இருக்கணும். சின்னச் சக்கரம் நண்டு வளைக்குள்ள விழுந்தா அங்கேயே உக்காந்துக்கும். பெருசு அதை மிதிச்சுக்கிட்டுப் போயிரும். பழைய இரும்புக் கடையில சைக்கிள் சக்கரம் ஒண்ணு வாங்கினேன். பட்டறைத் தம்பிக்கிட்ட முக்கால் இஞ்சு பைப்புல ஒரு சட்டம் பத்த வைக்கச் சொன்னேன். சக்கரத்துக்கு மேல ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி ஒரு பைப். பின்னால ரெண்டு கைப்பிடி. கால்வாய்க் கரையில இருந்து வயலுக்கு இறங்குற சரிவுக்காக ஒரு சைக்கிள் பிரேக். நிறுத்தி வைக்க ரெண்டு கால், அதுக்கடியில உள்ளங்கை அகலத்துக்குத் தகடு. தகடு இல்லைன்னா ஈர வரப்புல கால் குத்திக்கிட்டு இறங்கிரும். மடக்கி மடக்கி நான் போட்ட படத்தைப் பார்த்துட்டு அந்தத் தம்பி, "அண்ணாச்சி, இது வண்டியா, தராசா?"ன்னு கேட்டான். ரெண்டும்தான்டேன்னேன். உண்மையும் அதுதான். ரெண்டு பக்கமும் எடை சமமா இருந்தாத்தான் அது வண்டி.

பானை காருகுறிச்சியில வாங்கினது. மண்பானைக்கு எங்க பக்கத்துல பேர் போன ஊர். அடியில குழாய் வச்ச பானை, ஒவ்வொண்ணும் 10 லிட்டர் பிடிக்கும். ரெண்டு பானையும் தண்ணியும் சேர்த்து 26 கிலோ பக்கம் வரும். பானையைப் பெட்டிக்குள்ள வச்சு வைக்கோல் சுத்தினா உடையாது, ஆனா காத்தும் படாது. காத்து படலைன்னா குளிராது. வெளியில வச்சா கல்லுல ஏறி இறங்கும்போது விரிசல் விடும். இதுக்கு விடை எங்க அம்மா அடுப்படியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு: உறி. மோர்ப்பானை தொங்குமே, அந்த உறிதான். தேங்காய் நார்க் கயித்துல ரெண்டு உறி முடைஞ்சு, சட்டத்துல ரெண்டு பக்கமும் தொங்கவிட்டேன். வண்டி குலுங்கினாலும் கயிறு அதை வாங்கிக்குது. மேட்டுல ஏறினாலும் பானை நேராவே நிக்குது. ரொம்ப ஆடாம இருக்க அடியில ஒரு கயிறு கட்டி சட்டத்தோட இழுத்துப் பிடிச்சாச்சு. பானையைச் சுத்தி ஒரு ஈரச் சாக்கு. அவ்வளவுதான் மிஷின்.

மண்ணுக்கு மண்ணு வண்டியை மாத்தணும்ங்கிறதையும் சொல்லிரணும். எங்க நஞ்சை வரப்புக்கு சைக்கிள் டயர் போதும். மானூர் தாண்டிக் கரிசல் பக்கம் கொண்டு போனா, மழை பெஞ்ச மண்ணு டயர்ல அப்பிக்கிட்டு மட்கார்டுல சிக்கிச் சக்கரமே சுத்தாது. அங்க மட்கார்டே இருக்கக் கூடாது. திசையன்விளைக்குக் கிழக்க செம்மண் தேரிக்குப் போனா, ஒல்லி டயர் கத்தி மாதிரி மணலுக்குள்ள இறங்கும். மொபெட் டயரைப் போட்டு, காத்தைக் குறைச்சு விடணும். களக்காடு மலையடிவாரத்துல பாறை மேல எந்தச் சக்கரமும் போகாது. அதுக்குத்தான் உறியைக் கொக்கியில மாட்டியிருக்கேன். ரெண்டு உறியையும் கழட்டி, ஒரு மூங்கில் கம்போட ரெண்டு முனையில மாட்டித் தோள்ல வச்சா காவடி. பனந்தடிப் பாலத்தை எங்க ஆளுங்க அப்படித்தான் தாண்டுறாங்க. எல்லா இடத்துலயும் உருளுற சக்கரம்னு ஒண்ணு கிடையாது. உருளாத இடத்துல சுலபமாக் கழட்டித் தூக்க முடியுதாங்கிறதுதான் கேள்வி.

எவ்வளவு குளிருதுன்னு கேப்பீங்க. கார் நடவு நேரத்துல மேகாத்து நல்லா அடிக்கும், அது காய்ஞ்ச காத்து. ஒரு நாள் வெயில் 37 டிகிரி இருந்தப்போ பானைத் தண்ணி 28 காட்டுச்சு. சாரல் விழுற அன்னைக்கு அவ்வளவு இறங்காது. பிசானத்துல, ஐப்பசி கார்த்திகை ஈரக் காத்துல ரெண்டு மூணு டிகிரி இறங்கினாலே பெருசு. ஆனா அப்போ யாரு குளிர்ந்த தண்ணி கேக்கப் போறா? தேவைப்படுற நாள்லதான் இது நல்லா வேலை செய்யுது. மோரை மட்டும் பானையில ஊத்தாதீங்க, மண்ணு புளிப்பை வாங்கிக்கும், அப்புறம் தண்ணிக்கு ஆகாது. மோர் தூக்குவாளியில, வாளிக்கு மேல ஈரத்துணி. பானையை வாரம் ஒரு தடவை தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சு வெயில்ல காய வைக்கணும். சோப்பு வேண்டாம். இல்லைன்னா மண்ணுல இருக்கிற கண்ணு அடைஞ்சு, பானை வெறும் பாத்திரமாயிரும்.

குழாய் வச்ச பானையா வாங்கினதுக்கு இன்னொரு காரணம் உண்டு. வயல்ல தண்ணி குடிக்கிறதுல எங்க பக்கத்துல பல கணக்கு இருந்துச்சு. யார் செம்புல மோந்து குடிக்கலாம், யாருக்குக் கையில ஊத்தணும், யார் ஊத்தணும்னு. இளவட்டங்க மாறிட்டாங்கன்னு சொன்னாலும், செம்பு இருக்கிற இடத்துல அந்தக் கணக்கு சுலபமாத் திரும்பி வந்துருது. குழாய்க்கு அந்தக் கணக்கு தெரியாது. தாகம் எடுத்தவங்க போய்த் திருகிக் குடிக்க வேண்டியதுதான். யாரும் யாருக்கும் ஊத்த வேண்டாம், கை ஏந்தவும் வேண்டாம்.

முதல் வருஷம் வண்டி வந்தும் தண்ணி மிச்சம் ஆச்சு. ரெண்டு நடை கொண்டு போனதுல ஒரு நடைகூடத் தீரலை. எனக்குப் புரியலை. என் வீட்டுக்காரிதான் நடவு நடுற ஆச்சி ஒருத்தங்களைக் கேட்டா. "தண்ணியக் குடிச்சுப்புட்டு எங்கன போய் ஒதுங்க? சுத்தி வயலு, ரோட்டுல பஸ்ஸு போவுது. அதான் குடிக்கமாட்டோம் தாயி"ன்னாங்களாம். காலையில அஞ்சு மணிக்குக் கிளம்புற பொம்பளை மதியம் வரைக்கும் தொண்டையை அடக்கிக்கிட்டு நிக்கிறது தண்ணி இல்லாம இல்லை. மறு நாளே மோட்டார் ரூமுக்குப் பின்னால தென்னங்கீத்து வச்சு நாலு பக்கமும் மறைப்பு கட்டி, உள்ள ஒரு வாளியும் வச்சேன். அதுக்கப்புறம்தான் பானை காலியாச்சு.

2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுச்சு. வெயில் தாக்கி இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம், வேணும். ஆனா அது போனதுக்கப்புறம் வர்ற பணம். போகாம இருக்கிறதுக்கு எனக்கு ஆன செலவு சக்கரம், பைப், பட்டறைக் கூலி, பானை, கயிறு எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். கீத்து என் மரத்துது.

இப்போ பக்கத்து வயல்காரங்க நடவு அன்னைக்கு வண்டியை இரவல் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. கொடுக்கிறேன். தள்ளிட்டுப் போறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான். தலையில குடமா இருந்தவரைக்கும் அது பொம்பளை வேலையா இருந்துச்சு, சக்கரம் வந்ததும் ஆம்பளை கைக்கு வந்துருச்சு. இதைச் சொல்லி என் வீட்டுக்காரி சிரிக்கிறா. சிரிக்கட்டும், அவ கழுத்து பிழைச்சுது. கேக்கிறவங்ககிட்ட நான் ஒண்ணுதான் சொல்லுதேன்: வண்டியக் கொண்டு போங்க வே, கூடவே நாலு கீத்தையும் கொண்டு போங்க.