சாடியில் ஒரு முல்லை

பாரி வள்ளல் முல்லைக்குத் தேர் ஈந்த கதையை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் எம் உள்ளத்தில் ஒரு நாணம் தோன்றும். கொழுகொம்பின்றித் தவித்த கொடிக்கு அவன் தேரையே விட்டுச் சென்றான். நாமோ எமது முல்லைக்கு வெயிலைக்கூடக் கொடுத்தோமில்லை.

எமது பழைய இல்லம் கோப்பாயில் இருந்தது. கிணற்றடியில் அன்னையார் வளர்த்த முல்லைப் பந்தல் நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அதனையும் விட்டு வந்தோம். ஈராண்டுகளுக்கு முன் சென்று பார்த்தோம். வீடு இல்லை, பற்றைக்குள்ளே முல்லை மட்டும் உயிரோடிருந்தது. உறவினர் ஒருவர் அதன் கொடியொன்றைப் பதியம் வைத்து, வேர்விட்டபின் கொழும்புக்கு அனுப்பி உதவினார்.

வெள்ளவத்தையில் எமது மாடிவீட்டு முகப்பிலே, ஓரடி அகலச் சாடியில் செம்மண்ணும் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து அதனை நட்டோம். நிழல் நன்றென எண்ணி மூலையில் வைத்தோம்; கிழமைதோறும் யூரியாவும் இட்டோம். இலைகள் செழித்தன, ஓராண்டாகியும் ஓர் அரும்பேனும் தோன்றவில்லை.

"தம்பி, அதுக்குச் சாப்பாடு கூடிப்போச்சு, வெய்யில் காணாது" என்றார் அன்னையார். பட்டதாரியாகிய நாம் செவிமடுத்தோமில்லை.

தை மாதத்தில் ஒருநாள் கல்லூரியினின்று மீண்டபோது, கொடி முழ அளவாகக் குறைக்கப்பட்டு வெயிலில் நின்றது. எண்பது வயது அன்னையார் தனியே சாடியை இழுத்திருந்தார். "ஊரிலிருந்து வந்த ஒரே உயிரையும் வெட்டிவிட்டீர்களே!" என்று கடிந்துரைத்தோம். அவர் மறுமொழி கூறவில்லை.

முல்லை புதுத்தளிரிலேயே அரும்பு கட்டுவது. பழங்கொடியைக் குறைத்தாற் பக்கக் கிளைகள் வெடிக்கும். நைதரசன் மிகுந்தால் இலையே பெருகும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேர வெயிலின்றேல் பூ அருகும். இவற்றையெல்லாம் நாம் பின்னரே நூல்களிற் படித்தறிந்தோம். அன்னையாரோ பந்தலடியிலேயே படித்திருந்தார்.

பங்குனியில் ஒரு மாலை வீடெங்கும் மணந்தது. எண்ணிப் பார்த்தோம், பதினொரு பூக்கள். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அன்னையார் பத்தைத் தொடுத்துத் தந்தையார் படத்துக்குச் சாத்திவிட்டு, எஞ்சிய ஒன்றை எம் கையில் வைத்தார்.

"எங்கட கிணத்தடி வாசந்தான், என்ன?" என்றார்.

அன்று வெட்டிய துண்டுகளையும் அவர் எறியவில்லை. மணலில் ஊன்றி வைத்திருந்தார். மூன்று துளிர்த்துள்ளன. மாணவர் எவரேனும் விரும்பினால் ஒன்றை ஈவோம். தேர் வேண்டுவதில்லை, வெயில் கொடுத்தாற் போதும்.