மூட்டைக்கு ஒரு கைப்பிடி சாட்சியா?

திருவண்ணாமலை மாவட்டம், சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். மூன்றரை ஏக்கர் கொல்லை, ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு. இதுதான் அந்தக் குடும்பத்தின் சொத்து. ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை போட்டு, ஐப்பசியில் பிடுங்குவது மூன்று தலைமுறைப் பழக்கம். ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, உடைத்த பருப்பை ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக அனுப்பினார்கள். சந்தை விலையைவிடக் கூடுதல் விலை என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம்.

லாரி போன ஐந்தாம் நாள் போன் வந்தது. 'அஃப்ளடாக்சின் 38 பிபிபி இருக்கு. சரக்கை எடுத்துட்டுப் போயிடுங்க' என்றார்கள். சரக்கில் பாதிக்கு மேல் இந்த வீட்டுப் பெரியவருடையது. போக வர லாரி வாடகையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. மனசு கேட்காமல், திரும்பி வந்த அதே மூட்டைகளில் இருந்து கொஞ்சம் எடுத்து வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 6 பிபிபி என்று முடிவு வந்தது.

"ஏன்டா, ஒரே கொல்லை, ஒரே களம், ஒரே மூட்டை. எப்புடிடா ரெண்டு கணக்கு வரும்? யாரோ ஒருத்தன் பொய் சொல்றான்" என்றார் பெரியவர். அவருடைய மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் தகடு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் இருந்தான். அப்பாவின் கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை.

பட்டறையில் பிறந்த பெட்டி

அஃப்ளடாக்சின் என்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் போன்ற பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது, தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது தெரியவந்தது. கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரவைக்கும் என்பதால் உலகம் முழுக்க இதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்கு 15 பிபிபி, அப்படியே சாப்பிடுவதற்கு 10 பிபிபி. ஐரோப்பிய நாடுகளில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு மொத்தமே 4 பிபிபி-தான். ஒரு பிபிபி என்பது ஒரு டன்னில் ஒரு மில்லிகிராம்.

ஏற்றுமதி நிறுவனத்தில் மாதிரி எடுத்ததை மகன் விசாரித்தான். மேல் வரிசையில் இருந்த ஐந்தாறு மூட்டைகளில் குத்தூசி போட்டு, கையில் விழுந்ததை ஒரு பாலிதீன் பையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். மூட்டையில் எடுத்ததைச் சமமாகப் பங்கு போட ஒரு கருவி இருந்தால் நல்லது என்று அவனுக்குத் தோன்றியது. ஆய்வகங்களில் மாதிரி பிரிக்கும் பெட்டி ஏற்கெனவே உண்டு. மேலே கொட்டினால், ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் திரும்பியிருக்கும் சரிவுகளில் தானியம் இறங்கி, கீழே இரண்டு தட்டுகளில் பாதிப் பாதியாக விழும். முதலாளியிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மீந்த எவர்சில்வர் தகட்டில் அதேபோல ஒன்றைச் செய்தான். கடலைப் பருப்பு சிக்காமல் இறங்கும் அளவுக்குச் சரிவுகளை அகலமாக வைத்தான். நான்காவது பெட்டி சரியாக வந்தது.

இதை ஆய்வகக்காரர்கள் பார்க்க வேண்டுமே! ஹைதராபாத் ஹைடெக்ஸ் வளாகத்தில் 'அனலிட்டிகா அனாகான் இந்தியா' என்ற ஆய்வகக் கருவிக் கண்காட்சி நடக்கிறது என்று பட்டறை முதலாளி சொன்னார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1968-இல் தொடங்கிய அனலிட்டிகா கண்காட்சியின் இந்தியப் பதிப்பு அது. முதலாளிக்குத் தெரிந்த ஒரு கண்ணாடிச் சாமான் வியாபாரி, தன் ஸ்டாலில் பாதியைத் தர ஒப்புக்கொண்டார். பாதி வாடகைக்கே ஒரு கறவை மாட்டை விற்க வேண்டியிருந்தது. அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், வறுத்த மல்லாட்டை ஒரு டின் நிறையக் கட்டிக் கொடுத்து, "வர்றவங்களுக்கு வெறுங்கையோட பேசாதீங்க" என்றார்.

ஸ்டாலில் முதல் நாள்

செங்கல்பட்டில் கச்சேகுடா ரயில் ஏறிப் போனார்கள். பெரியவர் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிட்டதும், "சந்தையில மாட்டுக்குக் கட்டுற மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

உள்ளே குளிர்சாதன அரங்கு. எங்கு பார்த்தாலும் பல லட்ச ரூபாய்க் கருவிகள். நஞ்சைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி, பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் கருவிகள், மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசுகள், ஹரியானாவின் அம்பாலாவில் இருந்து வந்த கண்ணாடிக் குடுவைகள். ஆனால் மூட்டையில் இருந்து மாதிரி எப்படி எடுப்பது என்று சொல்கிற ஸ்டால் இவர்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

வறுத்த மல்லாட்டை வாசனைக்கே கூட்டம் வந்தது. சாப்பிட்டார்கள், விசிட்டிங் கார்டு கொடுத்தார்கள், போனார்கள். ஒருவர் மட்டும் கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு, "இதை டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று கேட்டார். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

மதியம் சென்னை ஆய்வகம் ஒன்றில் மேலாளராக இருக்கும் ஒரு பெண்மணி வந்தார். பெட்டியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு தம்பி. விதைச் சுத்தம் பார்க்க, ஈரப்பதம் பார்க்க இது போதும். ஆனா அஃப்ளடாக்சினுக்குன்னு போர்டுல எழுதியிருக்கீங்களே, அது சரியில்ல" என்றார்.

"ஏம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

"நஞ்சு எல்லாப் பருப்புலயும் சமமா இருக்காது ஐயா. ஆயிரக்கணக்கான பருப்புல ஒண்ணு ரெண்டுலதான் இருக்கும். ஆனா அந்த ஒண்ணுல மலை மாதிரி இருக்கும். முழுப் பருப்பா பிரிச்சா அது ஒரு பக்கம்தான் விழும். இன்னொரு பக்கம் சுத்தம்னு வரும். மாதிரி முழுசையும் மாவா அரைச்ச பிறகுதான் பிரிக்கணும்."

கணக்கையும் போட்டுக் காட்டினார். அரை கிராம் எடையுள்ள ஒரே ஒரு பருப்பில் ஒரு லட்சம் பிபிபி இருந்தால், 5 கிலோ மாதிரி முழுவதற்கும் 10 பிபிபி ஏறிவிடும். அந்தப் பருப்பு பைக்குள் விழுந்த ஆய்வகத்தில் சரக்கு தோற்கும். விழாத ஆய்வகத்தில் தேறும்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனிடம், "அப்ப ரெண்டு பேருமே பொய் சொல்லலடா" என்றார்.

குங்குமம் தடவிய ஐந்து பருப்பு

அன்று இரவு லாட்ஜில் மகன் சாப்பிடவில்லை. மாட்டை விற்று, தப்பான போர்டோடு வந்து நின்றோமே என்று உடைந்து போயிருந்தான். பெரியவர் அவனைத் தேற்றவில்லை. மறுநாள் காலை ஸ்டாலுக்குப் போனதும், சட்டைப் பையில் இருந்த கோயில் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, ஐந்து பருப்பின் மேல் தடவிக் காயவைத்தார். இரண்டு கிலோ பருப்பில் அவற்றைக் கலந்து பெட்டியில் கொட்டினார். ஒரு தட்டில் நான்கு சிவப்பு, இன்னொன்றில் ஒன்று. மறுபடி கொட்டினார். மூன்றும் இரண்டும். அடுத்த தடவை ஐந்தும் ஒரே பக்கம் விழுந்தன.

"பாருங்க சார், இதுல எந்தத் தட்டு என் சரக்கு?" என்று அவர் கேட்க, மகன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். போகிறவர்கள் நின்றார்கள். மாலைக்குள் போர்டில் காகிதம் ஒட்டி, 'அஃப்ளடாக்சினுக்கு: முதலில் முழுதும் அரையுங்கள், பிறகு பிரியுங்கள்' என்று மாற்றி எழுதினான் மகன். அந்தச் சென்னைப் பெண்மணி நாலைந்து பேரைக் கூட்டிவந்து காட்டினார்.

எதிர் ஸ்டாலில் விரைவுப் பரிசோதனைப் பட்டை விற்பவர்கள், "உங்க கடலையையே பார்த்துடலாமா?" என்று கேட்டார்கள். அம்மா கொடுத்த டின்னில் இருந்துதான் எடுக்க வேண்டும். அரங்கில் பாதிப் பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். மகன் தயங்கினான். "எடு" என்றார் பெரியவர்.

மிக்சியில் அரைத்து, ஆல்கஹால் கலந்த நீரில் குலுக்கி, வடிகட்டி, பட்டையை நனைத்தார்கள். 10 பிபிபி-யை எல்லையாக வைத்த பட்டை. இதில் கணக்குத் தலைகீழ்: இரண்டு கோடும் தெரிந்தால் சரக்கு எல்லைக்குள், சோதனைக் கோடு மறைந்துபோனால் நஞ்சு அதிகம். சில நிமிடங்கள்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பெரியவர் துண்டால் மூன்று முறை முகம் துடைத்தார். இரண்டு கோடும் தெளிவாக வந்தன. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"இந்தக் கைப்பிடி தேறிடுச்சு. மூட்டைக்கு இது சாட்சி இல்ல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் பெரியவர்.

கொண்டு வந்தது என்ன?

மூன்று நாளில் நாற்பது விசிட்டிங் கார்டு சேர்ந்தது. கையில் கிடைத்த ஆர்டர் இரண்டுதான். ஒன்று விதைப் பரிசோதனைக்கு, இன்னொன்று தீவன ஆலைக்கு. விற்ற மாட்டின் விலை இன்னும் திரும்பவில்லை. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், குறைந்த செலவில் எலைசா முறையில் இந்த நஞ்சைக் கண்டறியும் பரிசோதனையை உருவாக்கியிருப்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள்.

ஊருக்கு வந்ததும் பெரியவர் முதலில் களத்தைத்தான் மாற்றினார். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுக் காயவைக்கிறார். மழை வந்தால் மூடத் தார்ப்பாய் தயாராக இருக்கிறது. காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். ஈரம் 8 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்வரை மூட்டை கட்டுவதில்லை. எளிதாக உடையட்டும் என்று காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை ஊர்க் கூட்டத்தில் பேசி நிறுத்தினார். பூஞ்சைக்கு அந்த ஈரம் ஒன்றே போதும். சொத்தை, சுருங்கல், அடிபட்ட பருப்பைப் பெண்கள் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். பொறுக்கியதை மாட்டுக்கும் போடுவதில்லை. அந்த நஞ்சு பால் வழியாக வீட்டுக்கே திரும்பி வரும்.

அடுத்த சரக்கை அனுப்பும் முன், வாங்குபவரிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டார்கள். எத்தனை மூட்டையில் மாதிரி எடுப்பீர்கள்? மொத்தம் எத்தனை கிலோ? முழுவதையும் அரைப்பீர்களா? கூடவே, அந்த ஆய்வகத்தின் என்ஏபிஎல் அங்கீகாரத்தில் கடலைக்கான அஃப்ளடாக்சின் சோதனையும் அடங்குமா என்று பட்டியலைப் பார்த்தார்கள். மாதிரி எடுக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் கூடவே நின்றார். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசி போட்டார்கள்.

இந்த முறை லாரி திரும்பி வரவில்லை. பணம் வந்த அன்று அம்மா கேட்டது ஒன்றுதான்: "மாடு எப்ப வாங்குறீங்க?"