பனி என்கிற சொல்

யானைக்கவுனிக்காரனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தண்டவாளங்களின் மேல் தங்கும் மூட்டம். கெட்டியான ரூபத்தில் அதைப் பார்க்கக் காசிமேட்டுக்குப் போக வேண்டும், மீனுக்காக நொறுக்கும் ஐஸ் பாளமாக. இரண்டுக்கும் இடையில் உள்ளதற்கு நம் பேச்சில் தனிப்பெயர் இல்லை. வெண்பனி, உறைபனி என்று அடைமொழி ஒட்டிச் சமாளிக்கிறோம்.

2016 பிப்ரவரி 3-ந் தேதி, சியாச்சினில் ஏறக்குறைய 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்டின் முகாம் ஒன்றின் மேல் பெரும் பனிக்கட்டிச் சுவர் இடிந்தது. பத்துப் பேர் புதைந்தார்கள், நால்வர் தமிழ்நாட்டவர். ஆறாம் நாள் உயிருடன் எடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, 11-ந் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். பத்திரிகையில் 'பனிச்சரிவு' என்றிருந்ததைப் படித்துவிட்டு அம்மா கேட்டாள்: "பனி எப்படிடா ஆளைப் புதைக்கும்?"

கேள்வி நியாயமானது. அவளுக்குத் தெரிந்த பனி முந்தானையால் தலையை மூடிக்கொண்டால் போய்விடுகிற பனி.

பதிலுக்காகப் படித்தேன். சியாச்சினில் அன்று விழுந்தது சுவர். ஆனால் மலைச்சரிவுகளில் பனி சாதாரணமாகச் சரிவது வேறு விதம். ஒவ்வொரு பொழிவும் ஒரு படிவமாகத் தங்குகிறது. தெளிவான இரவுகளில் மேற்பரப்பு கடுமையாகக் குளிரும். தரையோரம் அவ்வளவு குளிர்வதில்லை. இடையே நீராவி மேலேறும்போது அடிப்படிவத்தின் மணிகள் பெருத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை போலாகின்றன. அதன்மேல் புதுப்பனியும் காற்று அள்ளிவந்த பனியும் இறுகிப் பலகையாகிவிடும். பிறகு ஒரு மனிதனின் எடை போதும். அதிகம் சரிபவை 30-லிருந்து 45 பாகை சாய்வுகள்.

அம்மாவுக்காகத் தாம்பாளத்தில் சர்க்கரையைப் பரப்பி, மேலே ஒரு அப்பளத்தை வைத்துச் சாய்த்தேன். நின்றது. விரல் பட்டதும் மொத்தமாக வழுக்கியது.

"மேல நிக்கிறவனுக்கு அடியில இருக்கிறது தெரியாதா?"

பார்வைக்குத் தெரியாது. குழி வெட்டி, படிவம் படிவமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் எச்சரிக்கை வெளியிடுகிற சண்டிகர் ஆய்வு நிறுவனத்துக்கும் பனியின் படிவ நிலைதான் ஆதாரம்.

நம் கவிதையில் பனி இன்னும் புல் நுனியில் இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. அதன்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் நால்வர் செத்த பிறகும் அந்தச் சொல்லில் ஒரு கிராம் எடை கூடவில்லை. தாம்பாளத்தைக் கழுவி வைத்த அம்மா அதன் பிறகு பனி என்று சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்.