காத்தாடியா, கரண்ட்டா?

படகு வாங்கறது ஒண்ணும் பெரிய விஷயமே இல்லை மக்களே. அதைக் கட்டி மேய்க்கிறதுதான் பெரும்பாடு. சியாட்டில்ல பொட்டி தட்டுற நானும், அதே ஆபீஸ்ல வேற டீம்ல ஆணி புடுங்குற தூத்துக்குடி அண்ணாச்சியும் ஆளுக்குப் பாதி காசு போட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கினோம். 27 அடி நீளம். 1979ல கட்டினது, அதாவது என்னை விட மூத்தவங்க. உள்ள ஒத்தை சிலிண்டர் யன்மார் டீசல் எஞ்சின், ஒன்பது குதிரைசக்தி. ஷில்ஷோல் பே மெரினாவுல கட்டி வெச்சிருக்கோம்.

அண்ணாச்சியோட தாத்தா தூத்துக்குடியில இருந்து கொழும்புக்குப் பாய் விரிச்சுத் தோணி ஓட்டின தண்டல். நான் கோயமுத்தூர்க்காரன், கடலை முதல்ல பாத்ததே ஸ்கூல் டூர்லதான். இந்த வித்தியாசம் பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்கங்க.

பாய்மரப் படகுல சுக்கான் பிடிக்கிற மாதிரி போரடிக்கிற வேலை உலகத்துலயே கிடையாது. கையை எடுத்தா கொஞ்ச நேரத்துல படகு காத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கும். ஒண்ணுக்குப் போகணும்னா கூட ஆள் மாத்தணும். அதனால படகு வாங்கின மாசமே நான் ஒரு டில்லர் பைலட் வாங்கிட்டேன். ஒன்றரை அடி நீளக் குழாய், உள்ள ஒரு மோட்டார், ஒரு எலக்ட்ரானிக் காம்பஸ். படகு திசை மாறினா கம்பி வெளிய வந்து சுக்கான் பிடியைத் தள்ளும், இல்லேன்னா உள்ள இழுக்கும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல அரியர் வெச்ச எனக்கே புரியற ஃபீட்பேக் லூப். "கரண்ட்ல ஓடுற சுக்கானை நம்பாதல தம்பி"ன்னு அண்ணாச்சி அப்பவே சொன்னார். நான் கேக்கலை.

2024 ஆகஸ்ட். போர்ட் டவுன்சென்ட்ல இருந்து வீட்டுக்குத் திரும்பிட்டு இருந்தோம். மதியம் அட்மிரால்டி இன்லெட்ல பின்னாடி இருந்து நல்ல காத்து, படகு ஊஞ்சல் ஆடிச்சு. பின்னாடி இருந்து அலை வந்தா படகோட பின்பக்கம் இடமும் வலமும் இழுக்கும், டில்லர் பைலட்டுக்கு ஓய்வே கிடையாது. அது 'உய்ங் உய்ங்'னு அழுதுட்டே இருந்துச்சு, நாங்க புளியோதரை சாப்பிட்டுட்டு இருந்தோம்.

சாயங்காலம் பாயிண்ட் நோ பாயிண்ட் தாண்டறதுக்கு முன்னாடி காத்து சுத்தமா நின்னுபோச்சு. கோடையில இங்க அதுதான் வழக்கம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். இருபது நிமிஷம் ஓடிச்சு. அப்புறம் சத்தம் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, பொசுக்குனு நின்னுபோச்சு.

இருட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. நீரோட்டம் திரும்பி எங்களை வடக்கே, கப்பல் போற பாதைக்கு இழுத்துட்டு இருந்துச்சு. வடக்கே இருந்து ஒரு கண்டெய்னர் கப்பல் வர்றது தெரிஞ்சுது. அந்தப் பாதையில எங்களை மாதிரி சின்னப் படகு கப்பலுக்குத் தடையா இருக்கக் கூடாதுங்கறது சட்டம். சட்டம் இல்லேன்னாலும் அவ்வளவு பெரிய கப்பல் நினைச்ச இடத்துல பிரேக் போடவா முடியும்?

எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் பண்ணலாம்னு சாவியைத் திருப்பினா 'டிக்'. அவ்வளவுதான். எங்ககிட்ட ரெண்டு பேட்டரி இருக்கு, ஒண்ணு எஞ்சினுக்கு, இன்னொண்ணு மத்ததுக்கு. நடுவுல ஒரு சுவிட்ச். அதை 'ரெண்டும்'ங்கற இடத்துல காலையில இருந்து விட்டு வெச்ச புண்ணியவான் நான்தான். டில்லர் பைலட் ரெண்டையும் சேத்து உறிஞ்சிருச்சு.

அண்ணாச்சி திட்டலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. "நீ கீழ போய் எஞ்சினைப் பாரு"ன்னு சொல்லிட்டு, கையடக்க ரேடியோவுல சேனல் 14ல 'சியாட்டில் டிராபிக்'கைக் கூப்பிட்டு நாங்க இருக்கற இடத்தைச் சொன்னார். அப்புறம் துடுப்பை எடுத்து வலிக்க ஆரம்பிச்சுட்டார். மூணு டன் படகை ஒத்தைத் துடுப்பால!

கீழ டார்ச்சை வாயில கடிச்சுட்டு நான் ஃபில்டரைக் கழட்டினா, உள்ள டீசல் இல்லை, கருப்பா சளி மாதிரி ஒரு வஸ்து. டேங்க்கைப் பாதி காலியா விட்டா குளிர்காலத்துல உள்ள ஈரம் படிஞ்சு தண்ணி சேரும். தண்ணி டீசலை விட கனம், அடியில தங்கும். ரெண்டுக்கும் நடுவுல நுண்ணுயிர் வளந்து பாசி மாதிரி கட்டிக்கும். படகு மெரினாவுல சும்மா நிக்கற வரைக்கும் அது அடியில தூங்கும். கடல் ஆட்டினா கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கும். அதாவது எஞ்சின் ரொம்பத் தேவைப்படற அன்னிக்குப் பாத்துத்தான் நிக்கும். ரெண்டு வருஷமா நாங்க ஆயிலை மாத்தினோம், கடல்தண்ணியை இழுக்கற பம்ப்போட ரப்பர் இம்பெல்லரை மாத்தினோம், ஜிங்க்கை மாத்தினோம். டேங்க்குள்ள மட்டும் எட்டிப் பாக்கலை.

ஃபில்டர் மாத்தினா போதாது, குழாய்க்குள்ள புகுந்த காத்தை வெளியேத்தணும். எஞ்சின் மேல இருக்கற ஃபில்டரோட திருகைத் தளர்த்தி, பம்ப்போட குட்டி நெம்புகோலைக் கையால அடிச்சுட்டே இருக்கணும், நுரை நின்னு வெறும் டீசல் வர்ற வரைக்கும். மேனுவல்ல நாலு வரி. இருட்டுல, கை நடுங்கிட்டு, எனக்கு அரை மணி நேரம். நடுவுல கப்பல் அஞ்சு தடவை ஹார்ன் அடிச்சுது. 'நீ என்ன செய்யறேன்னு எனக்குப் புரியலை'ன்னு அர்த்தம். எனக்கும் புரியலை சாமி.

நான் மேல வந்து பாத்தப்ப கப்பல் எங்களைத் தாண்டிட்டு இருந்துச்சு. கொஞ்சம் ஒதுங்கித்தான் போனாங்க. ஆனாலும் ஒரு அப்பார்ட்மெண்ட் கட்டடம் நகந்து போற மாதிரி இருந்துச்சு. அதோட அலை வந்து எங்களை உருட்டி எடுத்துச்சு. அண்ணாச்சி உள்ளங்கையில கொப்புளம்.

அப்புறம் அவர்தான் வழி சொன்னார். இந்த எஞ்சின்ல டிகம்ப்ரெஷன் லீவர்னு ஒண்ணு உண்டு. அதைத் தூக்கி விட்டா சிலிண்டர்ல அமுக்கம் இருக்காது, அரை உசிர் பேட்டரி கூட எஞ்சினைச் சுத்திரும். விளக்கு, ரேடியோ எல்லாத்தையும் அணைச்சு, செத்த நேரம் பேட்டரிக்கு ஓய்வு கொடுத்து, லீவரைத் தூக்கிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சோம்பலா சுத்த ஆரம்பிச்சதும் லீவரை விட்டார். டக்... டக்... டக்டக்டக். இளையராஜா கூட அன்னிக்கு ரெண்டாம்பட்சம்தான்.

தங்கமணிகிட்ட இதை நான் சொல்லலை. அண்ணாச்சி வீட்டு மதினி மூலமா நாலே நாள்ல தெரிஞ்சுபோச்சு. திட்டு விழும்னு பாத்தேன், விழலை. "அடுத்த வருஷம் கேப் ஃபிளாட்டரி தாண்டி வெளிக்கடலுக்குப் போறதா சொன்னீங்களே, அந்த எஞ்சினை நானே ஸ்டார்ட் பண்ணக் கத்துக்கிட்ட அப்புறம் போங்க"ன்னு மட்டும் சொன்னா.

அதுக்கப்புறம்தான் எங்களுக்குள்ள சண்டை. நான் பெரிய டில்லர் பைலட், லித்தியம் பேட்டரி, சோலார் பேனல்னு எக்செல் ஷீட் போட்டேன். அண்ணாச்சிக்கு விண்ட்வேன்தான் வேணும். அதாவது காத்தாடி. படகு பின்னாடி நிக்கிற ஒரு பலகை, அதுக்குக் கீழ தண்ணிக்குள்ள ஒரு துடுப்பு. படகு வழி மாறினா காத்து பலகையைச் சாய்க்கும். பலகை துடுப்பைக் கொஞ்சம் திருப்பும். ஓடற தண்ணி அந்தத் துடுப்பைப் பக்கவாட்டுல தள்ளும். அந்தத் தள்ளுதான் கயிறு வழியா சுக்கானை இழுக்கும். காத்து சொல்லும், தண்ணி செய்யும். படகு வேகம் கூடக்கூட பலமும் கூடும். கரண்ட் ஒரு சொட்டு வேணாம். 1960ல பிளாண்டி ஹாஸ்லர் அட்லாண்டிக்கைத் தனியாத் தாண்டினப்பவே காத்தைப் பாத்து ஓட்டுற கருவி இருந்துச்சு. 2022ல கிளம்பின கோல்டன் குளோப் ரேஸ்ல எலக்ட்ரானிக் ஆட்டோபைலட்டே கூடாது. அதுல நம்ம முன்னாள் நேவிக்காரர் அபிலாஷ் டோமி 2023 ஏப்ரல்ல ரெண்டாவதா வந்து சேந்தார், வழியில விண்ட்வேனோட மல்லுக்கட்டி, கையில இருந்ததை வெச்சு ஒட்டுப் போட்டு.

நானும் விடலை. விண்ட்வேன் பிடிக்கிறது திசையை இல்லை, காத்தோட கோணத்தை. காத்து திரும்பினா படகும் கூடவே திரும்பிக் கரையில ஏறும். பின்காத்து மெல்லமா அடிச்சா அதுக்கு உணர்ச்சியே இருக்காது. காத்தே இல்லாம எஞ்சின்ல போறப்ப வெறும் அலங்காரம். மானிட்டர் மாடல் சுமார் 25 கிலோ, தனிச் சுக்கானோட வர்ற ஹைட்ரோவேன் 30 கிலோக்கு மேல. எங்க படகோட பின்பக்கம் அதைத் தாங்குமா? புதுசு விலையைப் பாத்தா தலை சுத்துச்சு.

அண்ணாச்சி என் எக்செல் ஷீட்டைப் பொறுமையா பாத்தார். "இந்த சோலார், பேட்டரி எல்லாம் சரிதான் தம்பி. மூணு நாள் மேகம் மூடினா எதை வெச்சு சார்ஜ் பண்ணுவ?"

"எஞ்சினை வெச்சு."

"அந்த எஞ்சின் எதுல ஓடுது?"

எனக்கு அந்தக் கருப்புச் சளி ஞாபகம் வந்துச்சு. சுக்கான் பேட்டரியை நம்புது, பேட்டரி எஞ்சினை, எஞ்சின் டீசலை. ஆபீஸ்ல டிசைன் ரிவ்யூவுல இப்படி ஒருத்தன் கொண்டு வந்தா நான்தான் முதல்ல கிழிச்சிருப்பேன்.

அதனால முதல் காசு டேங்க்குக்கு. கை நுழையற மாதிரி ஒரு மூடி வெட்டி, முழுக்கக் கழுவினோம். அடியில கண்ணாடிக் கிண்ணம் வெச்ச ஃபில்டர் போட்டோம், தண்ணி இறங்கினா கண்ணுக்கே தெரியும். குளிர்காலத்துல டேங்க் ரொம்பி இருக்கணும். எஞ்சின் பேட்டரிக்குத் தனி வயரிங், அந்தப் பாழாப்போன சுவிட்ச் குப்பைக்கு. மிச்சக் காசுல ஒரு பழைய செகண்ட் ஹாண்ட் விண்ட்வேன். பின்பக்கத்துக்கு உள்பக்கமா கனமான பலகை கொடுத்து மாட்டினோம். என் டில்லர் பைலட்டையும் தூக்கிப் போடலை. எஞ்சின்ல போறப்ப விண்ட்வேனோட காத்துப் பலகையைக் கழட்டிட்டு, அந்த இடத்துல இதோட கம்பியைக் கோத்துடறோம். இது லேசாத் தட்டிவிட்டா போதும், மிச்சத்தைத் தண்ணி பாத்துக்கும். கரண்ட்டும் கொஞ்சம்தான் குடிக்குது. இந்த ஐடியா என்னோடதுன்னு சொல்லிக்க ஆசைதான், ஆனா பழைய படகுக்காரங்க எல்லாரும் செய்யறதுதான்.

போன ஞாயித்துக்கிழமை தங்கமணிக்குப் பரீட்சை. ஃபில்டரை நானே கழட்டி, காத்து புக விட்டுக் கொடுத்தேன். பதினாலு நிமிஷத்துல எஞ்சின் ஓடிச்சு. என் பெஸ்ட் டைம் பதினொண்ணு. கை முழுக்க டீசலோட மேல வந்து, "கேப் ஃபிளாட்டரிக்கு எப்ப லீவு போடணும்?"னு கேட்டா. அவ வர்றதா நான் பிளான்லயே போடலை.

பி.கு: எஞ்சின் பத்திக்காம சாவியைத் திருப்பிட்டே இருக்கறவங்க கடல்தண்ணி வர்ற வால்வை முதல்ல மூடிடுங்க. இல்லேன்னா சைலன்சர் ரொம்பி, தண்ணி சிலிண்டருக்குள்ளயே ஏறிடும். எஞ்சின் பிடிச்ச அடுத்த நொடி திறக்க மறக்காதீங்க.