சாவலா பொட்டையா

ஜெர்மனி தேசத்தில், முட்டைக்கென்றே வளர்க்கப்படும் கோழியினத்தில் பிறக்கும் ஆண் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடும் வழக்கம் 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டத்தால் விலக்கப்பட்டது என்ற செய்தியைச் சில காலத்துக்கு முன் பத்திரிகையொன்றின் மூலையில் வாசித்தபோது, அந்தச் சட்டத்தை இயற்றியவர்களின் ஜீவகாருண்யத்தை மெச்சுவதற்குப் பதிலாக, பஞ்சு உருண்டைபோல் உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு நாள் குஞ்சை ஆணென்றும் பெண்ணென்றும் எதைக்கொண்டு நிர்ணயிக்கிறார்கள் என்ற சந்தேகமே என்னைப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு இலையைத் தவிர வேறெங்கும் கோழியோடு பரிச்சயம் இல்லாதவன் நான். ஆகையால், ஈரோட்டுப் பக்கத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் நண்பர் ஒருவரைக் கேட்டேன். "ரெண்டு இடம் காட்டறேன், வாங்க. ஒண்ணு நாமக்கல். இன்னொண்ணு எங்க அம்மாயி ஊட்டு வாசல்" என்றார் அவர்.

நாமக்கல்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குஞ்சு பொரிக்கும் ஆலையொன்றில், முகத்தை மூடிய இளம்பெண்கள் வரிசையாக நின்று, தட்டுகளில் வரும் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிறகை விசிறிபோல் விரித்து ஒரு கணம் நோக்கி, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிறகின் விளிம்பில் இரண்டு வரிசை முளைகள் உண்டு. கீழ்வரிசை மேல்வரிசையைவிட நீண்டிருந்தால் பெண், இரண்டும் சமமாக இருந்தாலோ முறை மாறியிருந்தாலோ ஆண். தாய் மெதுவாக இறகு விடும் குலத்தையும் தந்தை விரைவாக இறகு விடும் குலத்தையும் சேர்ந்திருந்தால் மட்டுமே இந்த லட்சணம் செல்லும் என்றும், அப்படி அமைத்தே அங்கே இணை சேர்க்கிறார்கள் என்றும் நண்பர் விளக்கினார். அதற்குமேல் அவர் சொன்ன மரபியல் சாஸ்திரம் என் தலைக்குள் இறங்கவில்லை. சிறகைப் பார்ப்பதற்கு முந்திய உபாயம் குஞ்சின் பின்புறத் துவாரத்தைப் பிதுக்கி உள்ளேயிருக்கும் கடுகளவு மொக்கைப் பார்ப்பதாம். டோக்கியோவின் மசுயி என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும் கண்டறிந்து 1927-ல் ஒட்டாவா நகரத்து உலகக் கோழி மாநாட்டில் வெளியிட்ட அந்த வித்தையைக் கற்ற ஜப்பானியர்கள், அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிப் போய்ச் சம்பாதித்தார்கள் என்பது மட்டும் மனத்தில் நின்றது.

இடப்பக்கத்து ஆண் குஞ்சுகள் என்னவாகும் என்று கேட்டேன். அவை முட்டையும் இடா. கறிக்கென்று வளர்த்தாலும் தின்ற தீனிக்கு ஈடாகச் சதை பிடியா. மேற்பார்வையாளர் மழுப்பலாகச் சிரித்தார். பதில் வழியிலேயே கிடைத்தது. ஒரு கோயில் திருவிழாவின் கடைவீதியில், ரோஜா, பச்சை, ஊதா என்று சாயமேற்றிய குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் குவித்து வைத்துக் குழந்தைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். "இடப்பக்கம்" என்றார் நண்பர். பிழைத்தவை இவை; பிழைக்காதவற்றைப் பற்றி நான் மேலும் கேட்கவில்லை.

அம்மாயியின், அதாவது நண்பருடைய தாயைப் பெற்ற பாட்டியின், வீடு சென்னிமலைக்குத் தெற்கே வானம் பார்த்த பூமியில் இருக்கிறது. ஓட்டு வீடு, வேப்பமரம், சோளத்தட்டுப் போர், மூங்கிலில் பின்னிய மூன்று கொடாப்புகள். அந்த வாசலில் மேய்ந்த முப்பது உருப்படிகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பதே என் கண்ணில் முதலில் பட்டது. சிறுவிடையும் பெருவிடையும் கலந்தவை, கழுத்தில் இறகே இல்லாதவை, பெங்களூரில் உருவாக்கிய கிரிராஜாவின் வழிவந்தவை என்று பலவகை உதிரமும் ஓடிய அந்தக் கூட்டத்துக்கு நடுவே, செக்கச் சிவந்த பெருங்கொண்டை ஒருபுறம் சாய, வெள்ளைச் சேவலொன்று மிடுக்காக நடந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் பேரன் திருவிழாவில் பத்து ரூபாய்க்கு வாங்கி வந்த ரோஜா நிறக் குஞ்சாம் அது. நாமக்கல்லின் இடப்பக்கம் இங்கே ராஜ்யபாரம் செய்துகொண்டிருந்தது.

எழுபத்தாறு வயதான அம்மாயி, கொடாப்பைத் தூக்கி எட்டு வாரக் குஞ்சுகள் பதினொன்றை வெளியே விட்டு, "எங்க, சொல்லுங்க தம்பி, இதுல சாவல் எத்தனை, பொட்டை எத்தனை?" என்றார்.

புத்தகம் படித்துவிட்டுப் போயிருந்த நான், கொண்டை சிவந்து அகன்றவை சேவல், வெளுத்துச் சிறுத்தவை பெட்டை என்ற சூத்திரத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்து, ஏழு சேவல், நான்கு பெட்டை என்று தீர்ப்புக் கூறினேன். அம்மாயி சிரிக்கவில்லை, பக்கத்தில் நின்ற பேத்திதான் சிரித்தாள். ஒரே ஜாதிக் கூட்டமாயிருந்தால் என் சூத்திரம் பலித்திருக்குமாம். பெருவிடையின் கொண்டை பட்டாணியைப் பதித்ததுபோல் தலையோடு படிந்திருக்கும். அந்த வழியில் வந்த சேவலுக்கும் அது இளமையில் எழும்பாது. அந்த வெள்ளையனின் குலத்திலோ பெண்களுக்கும் கொண்டை சீக்கிரமே பெருத்துச் சிவந்துவிடும். "வெள்ளையன் வந்த பொறவு கொண்டையப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியறதில்லீங்க. அவனுக்குப் பொறந்த பொட்டையெல்லாம் சாவலாட்ட இருக்குது" என்றார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பாதி உடம்பு மறையும்படி ஒரு குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு அவர் காட்டியவற்றை வரிசையாகச் சொல்ல எனக்குச் சாத்தியமில்லை. அவர் அப்படி வரிசைப்படுத்திச் சொல்லவுமில்லை. கால் பருமனைத் தொட்டார். மூன்றாம் வாரத்தில் முதுகும் தோளும் மொட்டையாய் இருந்தது எது, சீக்கிரம் போர்த்திக்கொண்டது எது என்பதை, நாம் குழந்தைகளுக்குப் பல் முளைத்த நாளை நினைவு வைத்திருப்பதுபோல் நினைவு வைத்திருந்தார். வானில் பருந்தின் நிழல் கண்டால் முதலில் தலை நிமிர்த்துவது எது, ஓடிப் பதுங்குவது எது என்பதும் அவருக்கு ஒரு கணக்கு. ஆனால் இவையெல்லாம் சந்தேகத்துக்கு உட்பட்டவை. அவர் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில், பத்துப் பன்னிரண்டு வாரத்தில் புதிதாக முளைக்கும் இறகின் நுனி உருண்டையாக இருந்தால் பெட்டை. ஒடுங்கிக் கூர்மையாகிப் பளபளத்து இருபுறமும் வழிந்தால் சேவல். எந்தக் கலப்பிலும் இது பொய்ப்பது அபூர்வம் என்று நண்பரும் தலையாட்டினார்.

முட்டையிலேயே கண்டுபிடிக்க வழியில்லையா என்றேன். நீண்டு கூரான முட்டையில் பெண்ணும் உருண்டையானதில் ஆணும் பிறக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதியதையும், ரோமாபுரிப் பண்டிதர்கள் அதையே தலைகீழாக்கிச் சொன்னதையும் என் புலமை வெளிப்பட எடுத்துரைத்தேன். அம்மாயி சற்று யோசித்தார். "ஒரு கோழி உருண்டை முட்டை வெச்சா எப்பவும் உருண்டையாத்தான வெக்குது? அப்பறம் அதுக்கு ரெண்டுமே எப்படிங் பொறக்குது?" இரண்டாயிரம் ஆண்டு விவாதம் அந்த வாசலில் அத்தோடு முடிந்தது.

பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, மாமியார் ஓர் அடைக்கோழியைக் கையில் கொடுத்து, "இது உன்னுது, இதுல வர்றதும் உன்னுது" என்றாராம். நிலமும் மாடும் ஆண்களுடையவை; கோழி ஒன்றே பெண்ணின் சொத்து. கவிழ்த்த பானைக்குள் சாணத்தையும் கிழிந்த சாக்கையும் வைத்துக் கறையான் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் பழக்கமும் அந்த மாமியார் தந்த சீதனந்தான். இருமுறை வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் வாசல் வெறிச்சோடிப் போயிருக்கிறது. இரண்டு முறையும் அக்கம்பக்கத்தில் கடனாகப் பத்து முட்டை வாங்கி மறுபடி தொடங்கியிருக்கிறார். மூத்த மகள் ஆசிரியப் பயிற்சிக்குப் போன இரண்டு வருஷமும் விடுதிக் கட்டணம் கட்டியது இந்த வெடக்கோழிகள் என்று அவர் சொன்னபோது, குரலில் பெருமையும் இல்லை, கழிவிரக்கமும் இல்லை.

வாலடி இறகு முளைக்கும்வரை பொறுக்கமாட்டாதவர்களைப் பற்றி அவர் ஒரு கதை சொன்னார். பங்காளி ஒருவர், நோயில் விழுந்த பசு எழுந்தால் கருப்பராயனுக்குக் கருஞ்சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டு, பசு எழுந்ததும் இங்கே வந்து, கால் தடித்து நெஞ்சு நிமிர்த்திச் சண்டைக்கு நின்ற ஒரு கறுப்புக் குஞ்சைத் தேர்ந்தெடுத்தார். பன்னிரண்டு வாரம் ஆகட்டும் என்று அம்மாயி தடுத்தும் கேளாமல் மஞ்சள் துணியைக் காலில் கட்டிச் சாமிக்கென்று நேர்ந்துவிட்டார். ஐந்து மாதம் கம்பும் சோளமும் தின்று கொழுத்த அந்தச் சேவல், திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் தட்டுப்போரின் அடியில் காணாமற்போய், மறுநாள் முட்டையோடு அகப்பட்டது. பங்காளி சந்தைக்கு ஓடி இரட்டை விலையில் வேறு சேவல் வாங்கினார். நேர்ந்துவிட்ட கோழியைத் தின்ன யாருக்கும் துணிவில்லை. அது எட்டு வருஷம் உயிரோடிருந்து குலம் பெருக்கியது. என் எதிரே மேய்ந்த பதினொன்றுக்கும் அது கொள்ளுப்பாட்டி.

பிற்பகலில் இருசக்கர வண்டியில் இருபுறமும் கூடை கட்டிய வியாபாரி வந்தான். நான்கு மாதக் கோழிகள் மூன்றைத் தூக்கி இறகை ஊதிப் பார்த்து, "இதெல்லாம் சாவலாட்டத்தான் இருக்குது அம்மாயி, கறி விலைதான்" என்றான். முட்டையிடப்போகும் வெடைக்கு வளர்ப்பவர்களிடம் கூடுதல் விலை உண்டு என்பதும், அவற்றை அவன் சந்தையில் வெடையென்றே விற்கப்போகிறான் என்பதும் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். நுனி உருண்ட இறகு எனக்கே தெரிந்தது. திருவிழாக் காலத்தில் சேவலுக்கு விலை ஏறும்போது இதே மனிதன் அதே இறகை ஊதிச் சேவலைப் பெட்டையென்பானாம். இயற்கை இருபத்தோரு நாள் அடைக்குள்ளும் பன்னிரண்டு வாரம் வெயிலிலும் வைத்து மெல்ல எழுதும் எழுத்தை, நாவின் ஒரு புரட்டால் மாற்றி எழுதிப் பணமாக்கும் இந்த இடைத்தரகர் வர்க்கமல்லவோ கிராமத்துப் பெண்ணின் ஒரே சொத்தையும் உறிஞ்சிக் குடிக்கிறது, வளர்த்தவளுக்கு நூறு கிடைத்தால் தூக்கிச் சென்றவனுக்கு இருநூறு கிடைக்கும் இந்த அநியாயத்தைக் கேட்பாரில்லையா என்றெல்லாம், அவன் போனபின் நான் ஆவேசமாகப் பேசினேன். முழுதும் கேட்டுவிட்டு, அம்மாயி ரூபாயைச் சுருக்குப்பையில் வைத்தார்.

"அவன் வராட்டி நான் இத்தனையும் தூக்கிட்டுச் சந்தைக்கு எப்படிங் போறது? பஸ்ஸுல கோழியேத்த உடறாங்களா? உங்களுக்கு மோர் கொண்டு வரட்டுங்களா தம்பி?"

சாயங்காலம் கொடாப்பில் குஞ்சுகளை அடைக்கையில், நான் ஏழு, நான்கு என்று சொன்ன பதினொன்றில் சேவல் நான்கு, பெட்டை ஆறு என்று திருத்தினார். ஒன்று மீந்தது. சாம்பலில் செம்புள்ளி தெளித்த, கொண்டை படிந்த, இடைப்பருமனான கால்களையுடைய குஞ்சு. அதை ஏந்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் சொல்லலீங்க" என்று உள்ளே விட்டார்.

மூன்று வாரம் கழித்து வேறு காரியமாக நண்பரோடு தொலைபேசியில் பேசுகையில் அந்தச் சாம்பல் குஞ்சு என்னாயிற்று என்று விசாரித்தேன். இரண்டு நாளைக்கு முன் காட்டுப்பூனை கொண்டுபோய்விட்டதாம். வேலியோரம் இறகு சிதறிக் கிடந்ததாம். அம்மாயி வாலடி இறகாகப் பார்த்து நாலைந்தைப் பொறுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். நுனி உருண்டை. பொட்டைதான்.