ஆளில்லாத எழுத்துகள்

பொருள் போன பின்னும் பெயர் நிலைத்திருப்பது உலகில் புதுமையன்று. கணினியும் இதற்கு விலக்கன்று. எருக்கலம்பிட்டியில் மாணவருக்குக் கணினி கற்பிக்கும் என்னிடம் அடிக்கடி எழும் கேள்வி இது: "சேர், திறந்தால் ஒன்றுமில்லை, ஈ, எஃப், ஜீ என்று எழுத்துகள் மட்டும் நிற்கின்றன. அழித்துவிடலாமா?"

தன்னோடு இணையும் சேமிப்புச் சாதனங்களுக்கு விண்டோஸ் ஆங்கில எழுத்தொன்றைப் பெயராகச் சூட்டுகிறது. ஏ, பீ இரண்டும் நெகிழ்வட்டுகளுக்கு உரியவை. 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எக்ஸ்.டீ. கணினி வன்தட்டோடு வந்தபோது அதற்கு வாய்த்தது மூன்றாம் எழுத்தாகிய சீ. இன்று நெகிழ்வட்டு மறைந்துவிட்டது. ஆயினும் வன்தட்டு சீ என்றே வழங்குகிறது.

சூட்டிய எழுத்தை விண்டோஸ் தன் பதிவேட்டிலே குறித்துக்கொள்ளும். சாதனம் மீண்டு வந்தால் அதே எழுத்தை அளிப்பதற்கே இவ்வேற்பாடு. ஆதலின் ஆளில்லாத எழுத்தைக் கண்டதும் அதன் காரணத்தை முதலில் ஆராய வேண்டும்.

சில எழுத்துகள் மெமறி கார்ட் வாசிப்பானின் வெறுந் துளைகளுக்கு உரியவை. அங்கே இடம் உண்டு, அட்டைதான் இல்லை. வெற்று ட்றைவ்களை மறைக்கும் தெரிவு ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது; அதுவே போதும். சிவப்புப் புள்ளடியுடன் நிற்பவை வலையமைப்பைச் சார்ந்தவை. மறுமுனைக் கணினி அணைந்திருக்கலாம். இனி வாராத சாதனங்களின் பதிவுகளை நீக்கவோ, நிருவாகி அதிகாரத்துடன் மவுண்ட்வால் கட்டளையை, சாய்கோடிட்டு ஆர் என்னும் எழுத்தோடு கொடுத்தல் வேண்டும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. மாண்டது எது, வெளியே சென்றது எது என்று அக்கட்டளை பாகுபாடு செய்யாது. வீட்டில் வைத்துவிட்டு வந்த பென் ட்றைவின் எழுத்தும் உடன் அழியும். கோப்புகளுக்குக் கேடில்லை, ஆனால் அது திரும்பி வருங்கால் வேறெழுத்துப் பெறலாம். பழைய எழுத்தை நம்பிய மென்பொருள் அதனைக் காணாது தடுமாறும்.

இதை விளக்க வேறு ஊருக்கு நான் போகவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி மக்களும் கடல்வழியே கற்பிட்டி சென்று, புத்தளப் பகுதியில் அகதிகளாய் வாழ்ந்தனர். ஊரில் வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் பெற்றோர் சொல்லக் கேட்டே இவ்வூரை அறிந்தனர். இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரின் வாக்காளர் இடாப்பிலே பெயர் பதிவதற்கு 2013இல் தனிச்சட்டமே வேண்டியதாயிற்று. ஊரில் இல்லாதவர் ஊருக்கே இல்லாதவர் ஆகிவிடுவாரா?

வகுப்பிலே வரவு இடாப்பைக் கையாளும் ஆசிரியர் இதனை நன்கறிவர். வாராத மாணவனுக்கு அன்றைய கட்டத்தில் வரவின்மையைக் குறிக்கிறோமேயன்றி, அவன் பெயரை வெட்டிவிடுவதில்லை. விலகிவிட்டான் என்று உறுதியாய்த் தெரிந்த பின்னரே பெயரை நீக்குகிறோம். ஆகவே, மாணவர்காள், வேண்டாத எழுத்தை நீக்குங்கள்; ஆனால், அதற்குரியது மீண்டு வருமா என்று விசாரித்த பின்னரே நீக்குங்கள்.