கெலவரப்பள்ளி நுரையும் கிராம சபையும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் பல நாட்களில் முதலில் கண்ணில் படுவது தண்ணீர் அல்ல, நுரை. மழைக்காலத்தில் நீர்வரத்து கூடும்போது பஞ்சுப்பொதி போலப் பொங்கி, காற்றில் பறந்து பக்கத்து வயல்களில் விழுகிறது. தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை நிறுத்துவதும் உண்டு.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரில் பெங்களூருக்குக் கிழக்கே ஓடிவருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக நகரத்துச் சாக்கடை அதில் கலக்கிறது. கழிவுநீரில் தங்கிவிடும் சோப்புப் பொருள்கள், தண்ணீர் மதகில் விழுந்து அடிபடும்போது நுரைக்கின்றன. கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழையும் இந்த நீரை நம்பி, அணையின் இரு கால்வாய்களிலும் சுமார் 8,000 ஏக்கர் இருக்கிறது.

பெங்களூரைக் குறை சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கும் போகிறது. அங்கே பாசனம் 9,012 ஏக்கர். பிறகு சாத்தனூர், கடைசியில் கடலூர். பெங்களூருக்கு ஓசூர் கடைமடை என்றால், கிருஷ்ணகிரிக்கு ஓசூர் மேல்மடை. இங்கே ஓடையில் விடும் சாக்கடையும், மழையில் கரைந்தோடும் உரமும், கால்வாயில் கழுவும் மருந்துத் தெளிப்பானும் கீழே இருப்பவர் வயலுக்குத்தான் போகின்றன.

ஐ.நா. சபை அறிவித்தபடி 1993 முதல் மார்ச் 22 உலக தண்ணீர் தினம். தமிழகத்தில் அன்று கிராம சபையும் கூடுகிறது. உறுதிமொழி வாசித்துக் கலைவதோடு நிற்காமல், ஊர்ச் சாக்கடை எங்கெங்கே ஆற்றில் விழுகிறது என்று அன்று பட்டியல் எடுக்கலாம். கால்வாய் நீரையும் கிணற்று நீரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கத் தீர்மானம் போடலாம்.

கிணற்று நீர் எடுக்க, மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை அலசி 1 லிட்டர் பிடிக்க வேண்டும். பெயர், சர்வே எண், தேதி எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் உப்பின் அளவும் கார அமில நிலையும் தெரியும். உலோகக் கலப்புக்குத் தனிச் சோதனை கேட்க வேண்டும். நுரை வரும் நாட்களில் கீரை, கொத்தமல்லி மேல் அந்த நீர் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்டுக்கு ஆண்டு சேரும் இந்தச் சீட்டுகள் மேல்மடையிடம் நியாயம் கேட்க ஆதாரமாகும். தன் ஊர் ஓடையைச் சரிசெய்துவிட்டுக் கேட்டால் அந்தக் கேள்விக்கு வலு கூடும்.